யாருமே திட்டாத வைஃபை

மாமியாரிடம் வேலை பார்க்கிற மருமகனுக்கு ராஜினாமா என்று ஒன்று கிடையாது. விவாகரத்துதான் ஒரே வழி. அதற்கு மனைவி சம்மதிக்க வேண்டும். அந்த மனைவியோ மாமியார் பெற்ற பெண். ஆகவே மாப்பிள்ளை, ஒரு தோளில் லேப்டாப் பையும் இன்னொரு தோளில் அத்தையின் கைப்பையுமாக, லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தான்.

“அத்தை, எனக்கென்னவோ இந்த கேஸ்ல திருடனே இல்லைன்னு தோணுது. எந்தத் திருடன் இவ்வளவு படி ஏறுவான்?”

“பேசறதுக்கு மூச்சு இருக்குல்ல, ஏறவும் இருக்கும். வாங்க மாப்ள.”

அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போன் மாட்டியே பாதி ஆயுசைக் கழித்தவள். ஓய்வு பெற்ற கையோடு துப்பறியும் ஏஜென்சி என்று போர்டு மாட்டியபோது சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது அவர்களே கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்க அவளிடம்தான் வருகிறார்கள். மாப்பிள்ளை அதற்கு முன் வீடு வீடாக இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் கம்பெனியில் இருந்தான். வாடிக்கையாளர்களிடம் வாயாடி, அந்த வேலை போயிற்று. அத்தை மட்டும்தான் அந்த வாயைப் பொறுத்துக்கொண்டு சம்பளமும் கொடுத்தாள்.

விஷயம் இதுதான். மூன்றாம் மாடியில் ஒரு கம்பெனி அதிகாரி குடியிருக்கிறார். மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை. வீட்டுக்குள் நான்கு கேமரா. நான்கும் வைஃபையில் ஓடி, அவர் போனுக்குப் படம் அனுப்பும். சில வாரங்களாக தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கும் ஒரே நேரத்தில் உறைந்துபோகின்றன. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே உயிர் வருகிறது. அவர் வீட்டில் இருக்கும் லீவு நாட்களில் மட்டும் ஒன்றும் ஆவதில்லை. ஏதோ ஒரு கும்பல் ஒத்திகை பார்க்கிறது, திருடுவதற்கு முன்பே பிடித்துக் கொடுங்கள் என்று அதிகாரி கேட்டிருந்தார்.

“லீவு நாள்ல லீவு எடுக்கிற திருடன்,” என்றான் மாப்பிள்ளை. “பென்ஷன் கூட உண்டு போல.”

கதவைத் திறந்தது அதிகாரியின் மனைவி. “வாங்க” என்று சொல்வதற்கு முன் அவள் கண் ஒரு தடவை மேலே போய் வந்தது. உள்ளே நுழைந்தபின் மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். கதவு நிலைக்கு மேலே ஒரு வெள்ளை கேமரா ஹாலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

அத்தை செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை, போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“வந்துட்டீங்களா மேடம்? பார்த்துட்டேன்,” என்றார் அதிகாரி. தேன் மாதிரி குரல். “உங்க மாப்பிள்ளைக்குப் பாவம் வேர்த்துக் கொட்டுது. ஃபேன் போடச் சொல்லுங்க.”

அத்தை சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் ஃபேனைப் போட்டுவிட்டாள். மாப்பிள்ளைக்குத் தன் சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது.

“காலையில நீங்க போன்ல சொன்னது நல்ல யோசனை மேடம். வைஃபை தகராறு பண்ணுதுன்னா கேபிள் இழுத்துடுங்க, வேலை முடிஞ்சுதுன்னீங்களே! ஆளைப் பிடிச்சுட்டேன். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நாலு கேமராவுக்கும் இழுத்துடறேங்கிறான். நானே கூட்டிட்டு வரேன்.”

தண்ணீர் கொண்டு வந்துகொண்டிருந்த மனைவி பாதி வழியில் நின்றாள். பிறகு நிற்கக் கூடாது என்று ஞாபகம் வந்தவள் போல நடந்து வந்து டம்ளர்களை வைத்தாள். மாப்பிள்ளை அதைப் பார்த்தான். அத்தையும் பார்த்தாள்.

“சார், கேமராவுக்குள்ளயே படம் பதியற மாதிரி கார்டு ஏதும் போடலையா?”

“இல்ல மேடம். பதிஞ்சு வச்சு அப்புறமாப் பார்த்து என்ன பிரயோஜனம்? அப்பப்பப் பார்த்தாத்தானே... போச்சு! மேடம், போச்சு! நாலும் நின்னுடுச்சு. உங்க தலை பாதி திரும்பின மாதிரியே நிக்குது.”

“கவலைப்படாதீங்க சார். இங்க முழுசாத் திரும்பிடுச்சு,” என்று சொல்லி அத்தை போனை வைத்தாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு விநோதமான அவஸ்தை ஆரம்பித்தது. அதிகாரியின் மனைவி மேஜையைத் துடைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். அத்தை ஏதோ அளவெடுப்பவள் போல ஒவ்வோர் அறையாகப் போய் வந்தாள். சமையலறை கேமரா அடுப்புக்கு நேராக இருந்தது. சாப்பாட்டு மேஜைக்கு ஒன்று. படுக்கையறையில் கட்டிலுக்கு மேலே ஒன்று. மாப்பிள்ளைக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

“மத்த மாடியெல்லாம் பார்க்கணும்னு அவர் சொன்னாரே,” என்றாள் அந்தப் பெண், வாசலைக் காட்டாத குறையாக. “நேரமாகுது.”

படிக்கட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அத்தை, நம்மளைத் துரத்தறாங்க. கவனிச்சீங்களா?”

“கவனிச்சேன். முதல்ல உங்க வேலையைப் பாருங்க.”

மாப்பிள்ளை போனை எடுத்தான். சுற்றுப்பட்டில் இருக்கும் வைஃபைகளைப் படமாகக் காட்டும் ஆப் அது. திரையில் கலர் கலராக மலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன.

“ஒவ்வொரு மலையும் ஒரு வீட்டு வைஃபை. காத்துல இதுக்குன்னு இருக்கிற இடமே கொஞ்சம்தான். ஒண்ணு, ஆறு, பதினொண்ணு, இந்த மூணு சேனல்ல உக்காந்தா ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிக்க மாட்டாங்க. அதிகாரி வீட்டு ரவுட்டர் ஆறுல இருக்கு.”

“அதே ஆறுல பக்கத்து வீட்டுக்காரரும் வந்து உக்காந்தா?”

“பெரிய தொல்லை இல்ல அத்தை. ஒரே சேனல்ல இருக்கிறவங்க பேச்சு ஒருத்தருக்கொருத்தர் புரியும். ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் மத்தவர் வாயை மூடிட்டிருப்பார். குழாயடி வரிசை மாதிரி. மெதுவாகும், ஆனா எல்லார் குடமும் ரொம்பும். நடுவுல நாலுலயோ எட்டுலயோ உக்காந்தாதான் வம்பு. பாதி மேல ஏறி உக்காரும். பேச்சு புரியாது, வெறும் இரைச்சலாக் கேட்கும். வரிசையாவது ஒண்ணாவது! எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்க. யார் பேச்சும் போய்ச் சேராது.”

“இங்க நாலுல யாரு?”

“மேல் மாடி.”

“எட்டுல?”

“கீழ் மாடி. ரெண்டும் இப்ப தாறுமாறா ஓடிட்டிருக்கு.”

“அப்ப அவங்க நெட்டும்தானே நாசமாப் போகும்?”

“போகாம? மொத்தமா நாசம்.”

“ம்,” என்றாள் அத்தை. அவளுடைய ‘ம்’களில் பல ரகம் உண்டு. இது ஏற்கெனவே பாதி வழி போய்விட்ட ரகம்.

மேல் மாடியில் இருந்தவன் வீடியோ எடிட்டர். கல்யாணம் ஆகாதவன். மூக்குக்குக் கீழே முழுக்கத் தாடி. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை, மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒரு திரையில் ஏதோ பெரிய வீடியோ மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஏறியது என்று சொல்வது மரியாதைக்கு. அந்தப் பச்சைக் கோடு நகராமல் நின்று, ‘மீண்டும் முயல்கிறது’ என்று மின்னி, பழையபடி முதலில் இருந்து ஆரம்பித்தது.

“நெட் எப்படி இருக்கு தம்பி?” என்று கேட்டாள் அத்தை.

“செம்ம மேடம். ஒரு குறையும் சொல்ல முடியாது.”

மாப்பிள்ளை திரையைப் பார்த்தான், தாடியைப் பார்த்தான். “பாஸ், நாலாவது சேனல்ல உக்காரச் சொன்னது யாரு?”

“நான்தான். காலியா இருந்துச்சு.”

“எல்லாரும் பண்ற தப்புதான். பஸ் சீட்ல ரெண்டு பேருக்கு நடுவுல அரை அடி தெரிஞ்சா உக்காந்துடறது. ஆமா, மூணாம் மாடி மேடத்தைத் தெரியுமா?”

“தெரியாது.” கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. தாடியின் கண் கடிகாரத்துக்குப் போயிற்று. “சார், கொஞ்சம் வேலை இருக்கு. இந்த நேரம்தான்...” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

கீழே இறங்கும்போது மாப்பிள்ளைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “முடிஞ்சுது அத்தை! அந்தம்மா கடிகாரத்தைப் பார்க்கிறாங்க, இவனும் பார்க்கிறான். தெரியாதுன்னு புளுகறான். புருஷன் ஆபீஸ்ல. கேமரா கண்ணை மூடின நேரத்துல... சொல்லவே வாய் கூசுது.”

“கூசற வாய்தான் இவ்வளவு நேரம் பேசிச்சா?” என்றாள் அத்தை. “அவன் பொய் சொன்னான், வாஸ்தவம். ஆனா தனக்குப் பயந்து சொல்ற பொய்க்கும், இன்னொருத்தருக்காகச் சொல்ற பொய்க்கும் குரல் வேற மாப்ள. லைன்ல உக்காந்து எத்தனை பொய் கேட்டிருக்கேன்! வாங்க கீழ.”

கீழ் மாடியில் தையல்காரம்மா. வீட்டு ஹாலிலேயே கடை. நூல் பிசிறும் வெட்டுத் துணியுமாகத் தரை தெரியவில்லை. டி.வி.யில் ஒரு படம், ஸ்டூல் மேல் போனில் ஒரு படம், ஜன்னல் ஓரம் பழைய லேப்டாப்பில் இன்னொரு படம். மூன்றையும் பார்க்க ஆளில்லை. மூன்றிலும் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“நெட் எப்படிம்மா வருது?”

“அருமையா வருதும்மா.” தையல்காரம்மா மிஷினை விட்டு நிமிரவில்லை.

“வட்டம் சுத்துதே?” என்றான் மாப்பிள்ளை.

“அது கதையில வர்ற வட்டம்.”

மாப்பிள்ளை சிரிப்பை அடக்க எங்கேயோ பார்த்தான். அப்போதுதான் வெட்டு மேஜைக்கு அடியில், துணி போர்த்திய பெட்டி ஒன்று கண்ணில் பட்டது. துணியின் ஒரு முனை விலகியிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜோடி செருப்பு, குழந்தையின் ஸ்வெட்டர், காது பிய்ந்த பொம்மை முயல்.

“உங்களுக்கு எத்தனை குழந்தைங்கம்மா?” என்றாள் அத்தை.

“எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.” சொன்ன பிறகுதான் தையல்காரம்மாவுக்கு அத்தையின் கண் எங்கே இருக்கிறதென்று தெரிந்தது. மிஷின் நின்றது.

“அத்தை! திருட்டு சாமான்!” மாப்பிள்ளை பாய்ந்தான். “மேல் வீட்டுலேருந்து கொஞ்சம் கொஞ்சமாக் கடத்தியிருக்காங்க. தாடியும் இந்தம்மாவும் கூட்டு!”

“கடத்தியிருக்காங்க. அது சரி. ஆனா குழந்தை செருப்பைத் திருடறதுக்கு எவனாவது ரவுட்டர் சேனலை மாத்துவானா மாப்ள? உக்காருங்க.”

உட்கார இடமில்லை. அவன் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தான்.

“எனக்கு முதல்ல உறுத்தினது கேமரா இல்ல,” என்றாள் அத்தை. “இந்தக் கட்டடத்து ஜனங்கதான். உலகத்துல எங்க போய் யாரை நெட் எப்படி இருக்குன்னு கேட்டாலும் முதல்ல திட்டுவாங்க. நல்லா வர்றப்பவே திட்டுவாங்க. இங்க மேல ஒருத்தன் நெட்டு செத்துக் கிடக்கு, செம்மங்கிறான். கீழ உங்களுக்கு மூணு வட்டம் சுத்துது, அருமைங்கிறீங்க. ஒருத்தர் தெரியாம தப்பான சேனல்ல உக்காரலாம். ஆறுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர்னு உக்காந்து, ஒரே நேரத்துல கத்தி, சொந்த நெட்டைத் தாங்களே கெடுத்துக்கிட்டு, அதைப் பாராட்டவும் செஞ்சா? அது தப்பு இல்லம்மா. ஏற்பாடு.”

தையல்காரம்மா குனிந்து ஒரு நூல் பிசிறை அறுத்தாள்.

“எதுக்கு ஏற்பாடு அத்தை?”

“அந்த வீட்டு கேமரா நாலும் எதைப் பார்க்குது, சொல்லுங்க.”

மாப்பிள்ளை விரல் மடக்கினான். “ஹால் சோபா. அடுப்பு. சாப்பாட்டு மேஜை. கட்டில்.”

“வாசல்?”

“இல்ல.”

“பால்கனி? ஜன்னல்? பீரோ?”

இல்லை. வாசலுக்கு மேல் மாட்டிய கேமராகூட வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளேதான் பார்த்தது. அவர் ஃபேன் போடச் சொன்னதும், அந்தப் பெண் ஓடிப்போய்ப் போட்டதும் ஞாபகம் வந்தது. அவனுக்கு அப்போது அது உபசாரமாகத் தெரிந்தது.

“திருடனுக்குப் பயப்படறவன் கேமராவை வெளியே பார்க்க வைப்பான்,” என்றாள் அத்தை. “அவர் பயப்படறது உள்ள இருக்கிறவங்க வெளியே போயிடுவாங்களோன்னு.”

தையல்காரம்மா எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். அழவில்லை. கோபம்தான் அவள் முகத்தில் இருந்தது.

“கேமராவை விட்டு விலகி ஜன்னல் கிட்ட நின்னா போன் வரும்மா. எதுக்கு நின்னேன்னு. அளவு கொடுக்க இங்க வந்தா, எத்தனை நிமிஷம்னு கேட்பாரு. கூடப்பிறந்த அக்காவோட பேசி ரெண்டு வருஷமாச்சு. போனையும் அவர்தான் பார்க்கிறாரு. அடிக்க மாட்டாரு, அது ஒண்ணுதான் பாக்கி. ஒரு நாள் மாடிப்படியில நின்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. தாடி அப்ப இறங்கி வந்தான். அவன்தான் யோசனை சொன்னான். முதல்ல அவர் சேனல்லயே போய் உக்காந்தோம். கேமரா விட்டு விட்டு ஓடிச்சே தவிர நிக்கல.”

“வரிசையில நின்னிருப்பீங்க,” என்றான் மாப்பிள்ளை தன்னையறியாமல். “மரியாதையா.”

“ஆமா. அப்புறம்தான் ரெண்டு பக்கமும் தள்ளி உக்காந்தோம். நேரத்தை மாத்தி மாத்திப் பண்ணலாம், தினமும் ஒரே நேரத்துல பண்ணினா சந்தேகம் வரும்னு அவன் தலையால அடிச்சுக்கிட்டான். அவதான் வேண்டாம்னா. இந்த நேரம் என்னோடதுன்னு தெரிஞ்சாத்தான் காலையில எழுந்திருக்கவே முடியுது அக்கான்னா. அதுக்கு மேல நாங்க என்ன சொல்றது?”

மிஷின் மேலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

“தினமும் ஒரு துணி, ஒரு சாமான்னு இறக்கிட்டிருந்தா. அடுத்த மாசம் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குக் கிளம்பறதா எண்ணம். நீங்க அவர் அனுப்பின ஆளுங்க. போய்ச் சொல்லணும்னா சொல்லிக்குங்க.”

மாப்பிள்ளை அவளைப் பார்த்தான். எதற்கும் அசையாத அந்த முகம் இருண்டிருந்தது.

“இன்னிக்கு சாயங்காலம் கேபிள் இழுத்துட்டா அப்புறம் நீங்க ரெண்டு பேரும் என்ன கத்தினாலும் கேமரா நிக்காது,” என்றாள் மெதுவாக. “அந்த யோசனையைச் சொன்னது நான். காலையில காப்பி குடிச்சுக்கிட்டே சொன்னேன். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தேனா!”

“அத்தை, உங்களுக்கு எப்படித் தெரியும்...”

“தெரியாமத்தான் சொன்னேன். இப்ப தெரிஞ்சுடுச்சு இல்ல? எழுந்திருங்க மாப்ள. தாடிகிட்ட கார் இருக்கான்னு கேளுங்க. நீங்க மூணு படத்தையும் நிறுத்தாதீங்கம்மா, ஓடட்டும்.”

மூன்றாம் மாடிக் கதவு தட்டுவதற்கு முன்பே திறந்தது. அந்தப் பெண் அத்தையின் பின்னால் நின்ற தையல்காரம்மாவைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துவிட்டதென்று அவளுக்குப் புரிந்தது.

“நீங்க அவர் ஆளு,” என்றாள்.

“ஆமாம்மா. கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும்,” என்றாள் அத்தை. “கேபிள் போடச் சொன்ன பாவி நான்தான். அடுத்த மாசம்னு ஒண்ணு இனிமே இல்ல. இன்னிக்குன்னா இன்னிக்கு. போறதும் இருக்கிறதும் உன் இஷ்டம். நான் ஒரு வார்த்தை வற்புறுத்த மாட்டேன்.”

அந்தப் பெண் கதவைப் பிடித்தபடி நின்றாள். மாப்பிள்ளைக்கு ஏதாவது தமாஷாகச் சொல்லி அந்த இறுக்கத்தைக் குறைக்கலாமா என்று இருந்தது. ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக.

“அக்காகிட்ட இன்னும் சொல்லலையே.”

அத்தை தன் போனை நீட்டினாள். எண்ணை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. விரல் தானாக ஓடியது.

“அக்கா... நான்தான். இன்னிக்கு வரட்டுமா?”

எதிர்முனையில் இருந்தவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. “வாடி!” என்று போட்ட சத்தம் மாப்பிள்ளை காதுக்கே கேட்டது.

அந்தப் பெண் போனைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். அவள் கையிலேயே அது மறுபடி அடித்தது. திரையில் அதிகாரி. அத்தை அதை வாங்கிக்கொண்டாள். உதட்டில் விரலை வைத்துவிட்டு ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“மேடம், இவ்வளவு நேரம் நின்னதே இல்ல. நான் கிளம்பிட்டேன். போற வழியில கேபிள்காரனையும் ஏத்திக்கிறேன்.”

“வாங்க சார். நானும் காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டேன். சரி பண்ணிட்டே இருக்கேன்.”

“அப்படியா! நல்லது, நல்லது.” என்றது அந்தத் தேன் குரல். “அவ என்ன பண்றா?”

“ஜன்னல் வழியா வெளிய பார்த்துட்டிருக்காங்க.”

“எதுக்கு?”

அந்த ஒரு சொல்லில் மாப்பிள்ளைக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்குக் காரணம் கேட்கிற ஒரு மனிதரை அவன் அதுவரை சந்தித்ததில்லை. அத்தை ஏதோ சமாளித்துப் போனை வைத்தாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் நிற்கவேயில்லை. தன் போனை அடுப்பு மேடையில் வைத்தாள். வளையலைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு நொடி பார்த்து, அப்படியே விட்டாள். பீரோ பக்கம் போகவில்லை. குழந்தையின் தண்ணீர் பாட்டிலை மட்டும் நிரப்பி எடுத்துக்கொண்டாள். தாடி சாவியைச் சுழற்றிக்கொண்டு கீழே ஓடினான். தையல்காரம்மா பெட்டியைத் தூக்கி வர, மாப்பிள்ளை ஸ்வெட்டரையும் முயலையும் அள்ளிக்கொண்டு பின்னால் இறங்கினான். கார்க் கதவு சாத்தும்போது அந்தப் பெண் அவன் முகத்தைப் பார்த்து, “உங்க அத்தைக்கு அவரால பிரச்சினை வராதே?” என்றாள்.

“பிரச்சினைதாங்க அவங்களைக் கண்டு பயப்படும். நீங்க கிளம்புங்க,” என்றான் அவன். அவள் சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்தது அப்போதுதான்.

மறுபடி மூன்று மாடி ஏறி வந்தபோது அத்தை ஹால் சோபாவில், கேமராவுக்கு நேர் எதிரே, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அத்தை, நாமளும் கிளம்பிடலாமே? நம்மளை வேலைக்கு வச்சவர் அவர். வந்தா சும்மா விடுவாரா?”

“கிளம்பினா? அவர் வந்து கதவைத் திறப்பார். ஆள் இல்லைன்னதும் நேரா கீழ் வீட்டுக் கதவைத்தான் உடைப்பார். வேண்டாம். வழியிலயே கேமராவுல பார்க்கட்டும். யார்கிட்ட கேட்கணுமோ அவ இங்க உக்காந்திருக்கான்னும் பார்க்கட்டும். அவர் மேல பயம் வேண்டாம் மாப்ள. வயசுக்கு வந்த பொண்ணு சொந்தக் கால்ல நடந்து போயிருக்கா, எந்தப் போலீஸ்ல கேட்டாலும் நான் சாட்சி.”

காத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். தெருவில் ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் ஜன்னலுக்கு ஓடினான். நகத்தைக் கடித்தான். போனைப் பார்த்தான், பையில் போட்டான், மறுபடி எடுத்தான். கடைசியில் அது அதிர்ந்தது. தாடியிடமிருந்து: ‘பள்ளிக்கூடத்துல பாப்பா ஏறியாச்சு. ஊரைத் தாண்டிட்டோம்.’

“இப்ப நிறுத்துங்க,” என்றாள் அத்தை.

மாப்பிள்ளை மேல் மாடிக்கு ஓடி, தாடி கொடுத்துவிட்டுப் போன சாவியால் கதவைத் திறந்து ரவுட்டரைப் பிடுங்கினான். மாடிப்படியில் குனிந்து குரல் கொடுத்தான். கீழே தையல்காரம்மா மூன்று படத்தையும் ரவுட்டரையும் அணைத்தாள். போனில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முட்டிக்கொண்டிருந்த இரண்டு மலைகள் மறைந்தன. ஆறாம் சேனலில் அதிகாரி வீட்டு மலை மட்டும் தனியாக, தொந்தரவு செய்ய ஆளில்லாமல் நின்றது.

அவன் ஹாலுக்குத் திரும்பவும் அத்தையின் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

“வந்துடுச்சு மேடம்! பிரமாதம்! உங்களை நல்லாத் தெரியுது. என்னதான் கோளாறு?”

“அக்கம்பக்கத்து வைஃபை உங்க வைஃபை மேல ஏறிடுச்சு சார். நெருக்கமான கட்டடத்துல சகஜம். இனிமே ஏறாது.”

“ரொம்ப நன்றி மேடம். அவ எங்க? கிச்சன்ல காணோமே?”

வாசலுக்கு மேலே மெல்லிய சத்தம் கேட்டது. அதுவரை அசையாமல் இருந்த கேமரா, அதிகாரியின் போன் சொன்னபடி கழுத்தைத் திருப்பியது. சோபாவைத் தாண்டி ஜன்னலுக்குப் போயிற்று, திரும்பி வந்தது. சமையலறையிலும் அதே சத்தம். பிறகு உள்ளறையில். நான்கு கேமராவும் காலியான வீட்டை மூலை மூலையாகத் தேடின.

“அவ போன் அங்கதான் இருக்கு. அவ எங்க?” தேன் வற்றியிருந்தது. “மேடம், என் பொண்டாட்டி எங்க?”

“அவங்களே விருப்பப்பட்டுக் கிளம்பிப் போயிட்டாங்க சார். குழந்தையும் அம்மாவோட பத்திரமா இருக்கு. மிச்சத்தை வக்கீல் பேசுவார். நீங்க என்கிட்ட ஒப்படைச்ச வேலையை முடிச்சுட்டேன். படம் எப்படி வருது? விட்டு விட்டு வருதா?”

போனில் ஒரு கார் நிற்கும் சத்தம் கேட்டது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அந்த மனிதர் நகரவில்லை போலிருந்தது.

“இல்ல,” என்றார் அதிகாரி. “தெளிவா இருக்கு.”